கிளம்பும்போது கலங்கும் வயிறு

கதவைத் திறந்தேன். கூடத்தின் நட்டநடுவில் அது கிடந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. திருட வருகிறவன் வேலை முடிந்ததும் அந்த வீட்டிலேயே மலம் கழித்துவிட்டுப் போவானாம், அப்படிச் செய்தால் கடைசிவரை அகப்படமாட்டானாம். சின்ன வயதில் கேட்டது. ஐம்பதைத் தொடப்போகிற எனக்கு அந்த நேரத்தில் அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. வீட்டில் ஒரு நாய் இருப்பது ஞாபகம் வரவில்லை.

தலையணை கிழிந்து பஞ்சு பறந்திருந்தது. வாசல் கதவின் உள்பக்கம் கீறல் கீறலாக இருந்தது. சோபாவுக்கு அடியிலிருந்து ஈரம் ஒரு கோடாக ஓடியது. நான் "திருடன்! திருடன்!" என்று அலறிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் தெருவுக்கு ஓடினேன். மாவுக்கட்டுப் பிரித்து அதிக நாளாகாத கால் என்பதால், பார்த்தவர்களுக்கு அது ஓட்டமாகத் தெரிந்திருக்காது.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா, துணி காயப்போடும் கொம்போடு இறங்கி வந்தார். ரிட்டையரான டீச்சர், வரதராசன்பேட்டைக்காரர். பெரம்பலூரில் அவருடைய கீழ்ப்போர்ஷனில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

"மாதாவே! எத்தன பவுனு போச்சு தம்பி?"

"தெரியல டீச்சர். வேலைய முடிச்சுட்டு கூடத்துலயே இருந்துட்டுப் போயிருக்கான் பாருங்க!"

டீச்சர் எட்டிப் பார்த்தார். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"பூட்டு ஒடஞ்சிருந்துச்சா?"

"இல்லையே. நான்தான் சாவி போட்டுத் தொறந்தேன்."

"ஜன்னலு?"

"சாத்தித்தான் இருக்கு."

"அப்ப எது வழியா வந்தான், தண்ணிக் கொழா வழியாவா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செவலை வால் மட்டும் வெளியே வந்து தரையைத் தட்டியது.

"இந்தா இருக்கான் ஒங்க திருடன்" என்றார் டீச்சர். பின்னாலேயே கூடியிருந்த பாதித் தெரு சிரித்தது.

அவனுக்குப் பெயர் உண்டு. என் மகள் வைத்தது. இந்த விஷயத்தில் அவன் மானமும் அடங்கியிருப்பதால் எழுதப்போவதில்லை. குட்டியாகத் தெருவிலிருந்து தூக்கி வந்தவள் மகள். அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபின் அவன் என்னோடு ஒட்டிக்கொண்டான். நான் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருந்தபோது, கட்டிலை விட்டு அவன் நகரவில்லை. அத்தனை நாளும் ஒரு தடவை கூட வீட்டுக்குள் அசிங்கம் செய்ததில்லை. கால் சரியாகி, ரெட்டிபாளையம் பக்கம் லாரி எடைமேடையில் என் வேலைக்கு நான் திரும்பிய அன்றுதான் திருடன் வந்துபோனான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். தெரிந்தே திறந்தாலும் ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே அதிர்ந்தேன். ஒருநாள் என் ஷூவுக்குள் இருந்தது. எப்படி அவ்வளவு கச்சிதமாக என்று இன்றுவரை புரியவில்லை.

கடைசியில் டீச்சர் மாடிப்படியில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, நீங்க வண்டிய எடுத்ததும் அழ ஆரம்பிக்கிறான். அப்படி ஒரு ஊள. ஜெபமால சொல்ல முடியல. கீழ நாத்தம் வேற மேல வருது. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நாயா, வூடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

மனைவி உடனே முடிவு பண்ணிவிட்டாள். அவளும் வேலைக்குப் போகிறவள், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில். கூடத்தைக் கழுவிக் கழுவி அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"செட்டிகுளத்துக்கு எங்கண்ணன் வூட்டுக்கு அனுப்பிடலாங்க. வெங்காயக் காட்டுல கட்டிப் போட்டா காவலுக்காச்சும் ஆகும்."

"வெங்காயம் உரிச்சாலே கட்டிலுக்கு அடியில போறவன்டீ அவன்."

"நீங்களுந்தான் போவீங்க. ஒங்கள கட்டிப் போடலையே."

சிரித்துவிட்டேன். ஆனால் கதவை மூடிவிட்டுப் போனாலே உயிர் போவதுபோல் அழுகிறவன், ஆளில்லாத காட்டில் சங்கிலியோடு என்ன ஆவான் என்ற நினைப்பு விடவில்லை. அவன் என் கால்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். உடைந்த கால். எப்போதும் அந்தக் கால்தான்.

அவனைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஆடுகளுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் பின்னால் வரிசையில் நின்றோம். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பரிசோதனையெல்லாம் செய்தார். நோய் எதுவும் இல்லை என்றார்.

"அப்ப என்னைப் பழி வாங்குறான் டாக்டரம்மா" என்றேன்.

"பழி வாங்குறதெல்லாம் மனுஷங்க வேல சார். இது பயத்துல போறது. ஆமா, காலையில வீட்ட விட்டு எப்படிக் கெளம்புவீங்க? செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினேன். முதலில் விபூதி, எனக்கும் அவனுக்கும். பிறகு ஒரு வாய் தண்ணீர். ஹெல்மெட். அவன் முகத்தைக் கையில் ஏந்தி, "அப்பா போயிட்டு வரேன்டா தங்கம், பத்திரம்டா, அழக்கூடாதுடா." கதவைச் சாத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, தெருவில் சகுனம் பார்ப்பேன். பூனை குறுக்கே போனால் பூட்டைத் திறந்து உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, விபூதியிலிருந்து மறுபடி எல்லாம். எங்கள் தெருவில் பூனைகள் அதிகம்.

ஆட்டுக்காரர்கள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கே வயித்தக் கலக்குது சார்" என்றார் டாக்டரம்மா. "எப்பலேர்ந்து இப்படி?"

விழுந்ததிலிருந்துதான். விழுந்த அன்று காலை வண்டியை எடுக்கும்போது, மாடியிலிருந்து டீச்சர், "எங்க தம்பி கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகவேண்டும். நான் அன்று உட்காரவில்லை. அரியலூர் தாண்டுவதற்குள் ஜல்லியில் சறுக்கி விழுந்தேன். அதிலிருந்து டீச்சர் கண்ணில் படாமல், சுவரோடு சுவராக, பல்லி மாதிரிதான் வெளியேறுவேன்.

டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார். "அடிக்காதீங்க, மூக்கப் புடிச்சு அதுல தேய்க்காதீங்க. பினாயில் ஒங்க மூக்குக்குத்தான் சார், அதோட மூக்குக்கு இல்ல; தண்ணியில வினிகர் கலந்து தொடைங்க. காலையில நல்லா நடத்திக் கூட்டிட்டுப் போயி எல்லாம் முடிச்சுட்டு வாங்க. அப்புறம் சாவிய எடுங்க, போகாதீங்க. ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு டீவி பாருங்க. அதுக்குச் சலிச்சுப் போகணும். அப்புறம் வெளிய போயி, அது பதறதுக்குள்ள உள்ள வந்துடுங்க. கொஞ்சங் கொஞ்சமா நேரத்தக் கூட்டுங்க. பழகுற வரைக்கும் தனியா விடாதீங்க. முக்கியமா, போகும்போதும் கொஞ்சாதீங்க, வரும்போதும் கொஞ்சாதீங்க. ஏதோ பக்கத்துக் கடைக்குப் போற மாதிரி போங்க."

எடைமேடையில் கெஞ்சி ராத்திரி ஷிப்டுக்கு மாறினேன். பகலில் நான், ராத்திரி மனைவி. தூக்கம் போக மிஞ்சிய நேரமெல்லாம் வீட்டுக்குள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தேன்.

"வூட்டுக்குள்ள எங்க போயி மோதப் போறீங்க?" என்றாள் மனைவி.

முதலில் சாவி குலுங்கினாலே அவன் உடம்பு உதறும். பிறகு காது மட்டும் நிமிர்ந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று உள்ளே வந்தேன். தெருமுனை வரை போய் வந்தேன். டீக்கடை வரை. சலூன் வரை. ஒருநாள் அவசரப்பட்டு நேரத்தைக் கூட்டிவிட்டு, திரும்பி வரும்போது கீறல் சத்தம் கேட்டு, மறுபடி கதவுக்குப் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவன் தேறிக்கொண்டு வந்தான். என் வாய்தான் தேறவில்லை. "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் வாசல் தாண்டினால் நாக்கு அரித்தது.

மாதக் கடைசியில் பகல் ஷிப்டுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. அதுவே டீச்சர் கொடுத்த கெடுவும். மனைவி முன்னாலேயே போய்விட்டாள். போகும்போது, "அண்ணங்கிட்ட சாயந்திரம் பேசுறேன்னு சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

நடத்திக் கூட்டிவந்தேன். ஒரு பழைய பந்துக்குள் கொஞ்சம் கருவாட்டுத் தூளைத் திணித்து நக்கக் கொடுத்தேன். விபூதி இல்லை, தண்ணீர் இல்லை, தங்கம் இல்லை. அவன் பந்தை நக்கிக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை. கதவைச் சாத்தினேன். பூட்டை ஒரே ஒருமுறை இழுத்தேன். உள்ளே சத்தமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட் தாண்டினேன்.

"என்ன தம்பி, எங்க கெளம்பிட்டீங்க?"

மாடியில் டீச்சர், கையில் கொம்பு.

அதே கேள்வி, அதே மாடி, அதே வண்டி. என் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் என் உயிருக்கு உத்தரவாதம். ஆனால் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டால் அவன் எழுந்து வருவான். மறுபடி நான் போவதைப் பார்ப்பான். அத்தனை நாள் ஹெல்மெட்டும் வீண். வெங்காயக் காடு.

"வேலைக்கு டீச்சர்" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வண்டியை எடுத்தேன்.

அரியலூர் ரோட்டில் அன்று நான் போன வேகத்துக்கு, சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் மணியடித்து என்னை முந்திப் போனார். சிமெண்ட் லாரி ஒவ்வொன்றையும் எமன் என்றே ஒதுங்கி வழிவிட்டேன். ஜல்லியில் சறுக்கிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். விழவில்லை. அது எனக்கே அதிர்ச்சிதான். ஆனால் எடைமேடையில் இறங்கியதும் வயிறு கலக்கியது பாருங்கள், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அன்று மதியத்துக்குள் எத்தனை லாரி எடைபோட்டேன் என்று தெரியாது. கழிவறைக்கும் மேடைக்குமாக நடந்த தூரம் மட்டும் கால் வலியில் தெரிந்தது.

மாலையில் நானும் மனைவியும் வாசலில் ஒன்றாகவே வந்து சேர்ந்தோம். பூட்டைத் திறக்க என் கை வரவில்லை. அவள்தான் திறந்தாள்.

தரை காய்ந்து கிடந்தது. கதவில் புதுக் கீறல் இல்லை. தலையணை முழுசாக இருந்தது. அவன் எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, நாங்கள் ஏன் இப்படி நிற்கிறோம் என்பதுபோல் பார்த்தான். கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது. கொஞ்சக்கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அதற்கு அவசியமும் வரவில்லை. எனக்கு மறுபடி கலக்கியது. அவனைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

பாத்ரூம் கதவுக்கு வெளியே வந்து படுத்துக்கொண்டு, அவன் மூச்சுவிடுவது கேட்டது. மாடிப்படியில் டீச்சரின் குரலும் கேட்டது.

"ஒரு சத்தமும் இல்லம்மா இன்னைக்கு. உள்ள சுத்தமா இருக்கா?"

"அவன் சுத்தமாத்தான் டீச்சர் இருக்கான்" என்றாள் மனைவி. "இவருதான் வந்ததும் வராததுமா பாத்ரூமுக்குள்ள போனவரு, இன்னும் வெளிய வரல."

"நாய் இருக்கட்டும்மா" என்றார் டீச்சர். "அவர டாக்டர்ட்ட காட்டுங்க."