பூசணிக்காய்க்கு ஒரு பாஸ்புக்

பிளாரன்ஸ் அக்காளைப் பத்திச் சொல்ல வந்தா என் கோவத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். எழுபத்தாறுல, எமர்ஜென்சி நேரம், ஆம்பள வாத்தியாருங்க எல்லாரையும் யூனியன் ஆபீஸ்ல உக்கார வச்சு ஒரு அதிகாரி சொன்னாரு: ஆளுக்கு இருபது பேரை, அவங்கவங்க ஊருல, தபால் ஆபீஸ் சிறுசேமிப்புல சேக்கணும். ஒரு கணக்குக்கு அஞ்சு ரூவா. மாசக் கடைசிக்குள்ள சேக்கலன்னா மாத்தல். எங்கன்னு கேட்டேன். வடக்க, பஸ்ஸு போகாத ஒரு கரிசக்காட்டு ஊரைச் சொன்னாரு.

மாத்தல்தானன்னு லேசா நினைச்சுராதீய. எனக்கும் ஜெபகனிக்கும் கல்யாணம் ஆகி அப்போ ஆறு வருஷம். அவளும் டீச்சர். அதுல அஞ்சு வருஷம் அவ ஒரு ஊரு, நான் ஒரு ஊரு. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கக்கிழமை விடியக்காலம் ஓடுத புருஷன் நான். அதுக்கு முந்தின ஜூன்லதான் ரெண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம் கிடைச்சு, ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்க ஒரு ஆத்தங்கரை ஊருல வாடகைக்கு வீடு பிடிச்சிருந்தோம். பொஞ்சாதியோட ஒண்ணா உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சு வருஷம் திரும்பல. அதைப் பிடுங்கப் போறேங்கான்.

வீடு வீடாப் போய் நின்னேன். ஒருத்தரும் அசையல. வாழை போட்டிருந்த காசிலிங்கம்தான் மனசு விட்டுச் சொன்னாரு.

"ரூவாயக் கொண்டுபோய்க் குடுத்தா நம்மகிட்ட எவ்வளவு இருக்குன்னு கவர்மெண்டுக்குத் தெரியும்லா சார். தெரிஞ்சா பொறத்தாலயே ஒருத்தன் வருவான்."

அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அந்த வருஷம் லெவி, கட்டாயக் கொள்முதல்னு சொல்லி களத்துலயே நெல்லை அளந்து ஏத்திட்டுப் போயிருந்தாங்க. அதுக்குக் கையில கிடைச்சது ஒரு சீட்டு. ரூவா இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு சொசைட்டிக்கு நடந்து நடந்து எல்லாருக்கும் கால் தேஞ்சிருந்தது. பத்து நாள் போச்சு. ஒரு கணக்கு சேரல. நான் வீட்டுல ஜெபகனிகிட்ட எரிஞ்சு விழுந்தேன், அவ அழுதா, அதுக்கும் சேத்து எரிஞ்சு விழுந்தேன்.

அன்னைக்குத்தான் பிளாரன்ஸ் அக்கா வாசல்ல வந்து பெட்டியை இறக்குனாக. கடக்கரைப் புன்னைக்காயல்காரி. செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன்ன கிளம்பி, தலையில சாளைக் கருவாடும் நெத்திலியுமா நடந்தே வருவாக. அம்பது வயசு இருக்கும். அவுக வியாபாரத்துல துட்டே கிடையாது. கருவாடு குடுத்து நெல்லு வாங்குவாக, நெல்லு வேண்டாம்னா தேங்கா, தேங்கா இல்லன்னா வாழைத்தார். அதைக் கரைக்குக் கொண்டுபோய் அங்கன மீனுக்கு மாத்துவாக. எந்த வீட்டுல என்ன மிஞ்சிக் கிடக்கு, எந்த வீட்டுல என்ன தீந்துபோச்சுன்னு அந்த வீட்டுக்காரங்களை விட அவுகளுக்கு நல்லாத் தெரியும்.

ஏன் ரூவாய்க்கு விக்கமாட்டேங்கீயன்னு ஜெபகனி ஒருக்கா கேட்டதுக்கு, "நோட்டு கையில வந்தா சந்தைக் குத்தகைக்காரன் வாரான், சீட்டுக்காரன் வாரான், மச்சினன் வாரான். நெல்லு வந்தா நேரா பானைக்குள்ள போயிருது டீச்சர்"னு சிரிச்சாக.

அன்னைக்கு என் மூஞ்சியைப் பாத்துட்டு, "என்ன சார், கப்பல் கவுந்த மாதிரி இருக்கீய?"ன்னாக. கடுப்புல எல்லாத்தையும் கொட்டினேன். அக்கா கருவாட்டை எண்ணிப் போட்டுக்கிட்டே இருந்தாக. அப்புறம் கேட்டாக: "உங்க கையில நூறு ரூவா இருக்கா?"

"சம்பளம் வாங்கினது இருக்கு. அது மாசச் சாப்பாட்டுக்கு."

"சாப்பாடுதானே. ரூவாயவா திங்கப் போறீய? இந்த ஊருல அஞ்சு ரூவா குடுன்னா ஒருத்தனும் குடுக்கமாட்டான் சார். பூசணிக்கா குடுன்னா ரெண்டா குடுப்பான். நீங்க பூசணிக்காய வாங்குங்க. அஞ்சு ரூவாயக் குடுங்க. அந்த ரூவாய அவன் கையாலயே போஸ்டாபீஸ்ல கட்டச் சொல்லுங்க. அவனுக்குப் போனது பூசணிக்காதான்."

பி.டி. பாஸ் பண்ணின எனக்குத் தோணலையேன்னு அதுக்கும் கோவம் வந்துச்சு.

"சரி, உங்களுக்கு என்ன வேணும்?"னேன். சும்மா எதையும் செய்யமாட்டாக, சும்மா எதையும் வாங்கவும் மாட்டாக, அது ஊருக்கே தெரியும்.

"எனக்குள்ளத கடைசில கேட்டு வாங்கிக்கிடுதேன்"னாக.

அவுகளே கூட வந்தாக. விலை பேசினது பூரா அவுகதான். ஒரு பூசணிக்காய் அஞ்சு ரூவாய்க்குக் காணாது, கூட ரெண்டு படி உளுந்து போடுன்னு ஒரு வீட்டுல. தேங்காய் ஏழு, அதுல ஒண்ணு அழுகல், மாத்துன்னு இன்னொரு வீட்டுல. "ஏலே காசிலிங்கம், நோட்டு சாரோடது, பாஸ்புக்கு உன்னோடது, உனக்கு என்னலே நட்டம்?"னு கேட்டு ஒரு விடைக்கோழியையும் பிடிச்சுக் குடுத்தாக. அவரு சிரிச்சுக்கிட்டே தபால் ஆபீஸுக்கு நடந்தாரு.

ஜெபகனி முதல்ல தலையில கை வச்சா. அப்புறம் அவளுக்கே ருசி கண்டுருச்சு. கூடத்துல வாழைத்தார், அடுக்களையில பூசணிக்காய், கொல்லையில கோழி. மிஞ்சின தாரு ரெண்டை அக்கா சுமந்துட்டுப் போய் அடுத்த தடவை கருவாடாக் கொண்டுவந்தாக. அந்த மாசம் நாங்க தின்ன மாதிரி வேற எந்த மாசமும் தின்னதில்ல. சட்டைப் பையில பத்து பைசா கிடையாது, முகத்துல சிரிப்புக்குக் குறைவும் கிடையாது.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் பத்தொம்பது சேந்தாச்சு. மிச்சம் இருந்தது இசக்கித்தாய், ஒத்தையில இருக்க பொம்பள. குடுக்க ஒண்ணும் இல்லன்னா. போகட்டும், சும்மாவே அஞ்சு ரூவாயக் குடுக்கேன்னு நோட்டை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாக.

"சும்மா குடுத்தா நாளைக்கு அவ உங்க மூஞ்சியில எப்படி முழிப்பா? ஏளா, ஒரு வாரம் டீச்சருக்குத் தண்ணி எடுத்து ஊத்துதியா?"

"ஊத்துதேன்"னா இசக்கித்தாய். நிமிந்து நின்னு நோட்டை வாங்கினா.

இருபது பாஸ்புக்கு நம்பரையும் எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தேன். அதிகாரி பாத்துட்டு வெரிகுட்னாரு. மாத்தல் கிடையாது. நான் சைக்கிள்ல வீடு திரும்பின வேகத்துக்கு ரெண்டு தடவை செயின் கழண்டுச்சு. ஜெபகனி கதவுக்குப் பின்னால நின்னு முந்தானையால கண்ணைத் துடைச்சா.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா வந்தாக. நல்ல வெயில். பெட்டி காலி. "சொல்லுங்க, என்ன வேணும்?"னேன். கோழியைக் கேட்டாலும் குடுத்துரணும்னு ஜெபகனி முந்தின நாளே சொல்லி வச்சிருந்தா.

அக்கா என்னைப் பாக்கல. அவளைப் பாத்துக் கேட்டாக.

"நான் வார நாளெல்லாம், திரும்பி நடக்குறதுக்கு முன்ன, உங்க வீட்டுக்குள்ள ஒரு மணி நேரம் கால நீட்டிப் படுத்துக்கிடட்டா டீச்சர்? பதினெட்டு வருஷமா இந்த ஊருக்கு வாரேன். எல்லா வீட்டு வாசலும் தெரியும். கருவாட்டு நாத்தம்னு ஒருத்தரும் உள்ள கூப்பிட்டதில்ல."

எனக்குக் கோவம் வந்துச்சு. யாரைத் திட்ட? நானுந்தான் இத்தனை மாசமா வாசல்லயே வச்சுக் கருவாடு வாங்கிருக்கேன்.

ஜெபகனி உள்ள கூட்டிட்டுப் போய், வாழைத்தாரை ஒதுக்கி, பாயை விரிச்சா. எங்க கட்டில்ல கிடந்த தலகாணியை எடுத்துட்டு வந்து போட்டா. அக்கா உக்காந்து, கையால அதை அமுக்கிப் பாத்தாக.

"படுக்க இடம்தான் கேட்டேன். இதுக்கு நான் என்ன தரணும் டீச்சர்?"

"பேசாமத் தூங்குங்கக்கா"ன்னு ஜெபகனி அதட்டினா.

வாசல்ல கிடந்த காலிப் பெட்டியை ஒருக்கா பாத்துட்டு, அக்கா தலையைச் சாய்ச்சாக.