என் பம்புசெட்டுக்கு நாலரை நட்சத்திரம்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள், மீன்குழம்பு வாசனை பிடித்துப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்துசேர்ந்த மச்சினன். ஆக நான்கு பேர். ஐந்தாவதாக வாசலில் ஒருவர் நின்றார். அரைக்கால் சட்டை, தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. அவருக்குப் பின்னால் இரண்டு பைக்குகளில் அவருடைய கூட்டாளிகள். என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணே, மினி குற்றாலத்துக்கு டிக்கெட் இங்கதான் வாங்கணுமா?"

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை தட்டையான வயல்தான். மேடு என்று சொன்னால் அது வாய்க்கால் கரையாக இருக்கும். இங்கே அருவி எங்கிருந்து வரும்? வழி தவறி வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் தென்காசிக்கு எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேப்பில் எங்கள் வாய்க்கால், எங்கள் களம், எங்கள் வேப்பமரம். மரத்தை ஒட்டி சிவப்பாக ஒரு குறி. 'மினி குற்றாலம். நீச்சல் குளம். நாலரை நட்சத்திரம்.' அது என் மோட்டார் கொட்டகை.

அந்தக் கோடையில் தெரியாத முகங்கள் மோட்டார் தண்ணீர் கொட்டும் தொட்டியில் குளித்துவிட்டுப் போவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யார் வீட்டு விருந்தாளியோ, கேட்டால் மனக்கசப்பாகிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன். ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் போகாதீர்கள் என்று மட்டும் தூரத்திலிருந்து கத்துவேன். அவர்கள் கையாட்டுவார்கள்.

வந்தவர்களுக்கு டிக்கெட் கிடையாது, குளியலும் கிடையாது என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தால் மகள் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். குளித்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் கருத்து எழுதியிருந்தார்கள். சிரிப்பில் அவளால் பாதியை வாசிக்க முடியவில்லை.

'தண்ணீர் ஐஸ் மாதிரி. ஷாம்பு கொண்டுவரவும், பக்கத்தில் கடை இல்லை.' 'குடும்பத்தோடு வர ஏற்ற இடம். உடை மாற்ற வைக்கோல்போர் வசதி உண்டு.' 'பார்க்கிங் தாராளம்.' அதற்கு ஒரு படமும் போட்டிருந்தார்கள். களத்தில் என் மனைவி காயப்போட்ட மிளகாய்க்கு இரண்டு பக்கமும் பைக்குகள் நின்றன. 'எருமை உள்ளது. முறைக்கும், முட்டாது.' ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, 'நான் இன்னும் போகவில்லை, போனதும் எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே நட்சத்திரம்தான் கொடுத்திருந்தார். 'இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கரண்ட் இல்லை. மேனேஜ்மென்ட் சரியில்லை.' என்னைப் பற்றியும் இருந்தது. 'ஓனர் அங்கிள் கத்திக்கொண்டே இருப்பார். பயப்பட வேண்டாம், ஒன்றும் செய்ய மாட்டார்.'

மச்சினன் சோற்றுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எட்டாங்கிளாஸோடு படிப்பை நிறுத்திய ஆளுக்கு இவ்வளவு மார்க் யார் போடுவார்கள் என்றான். என் மனைவி மிளகாயைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாள். நான் அடுத்த வரியில் நின்றுவிட்டேன். 'நுழைவுக் கட்டணம் இருபது ரூபாய். ஆனால் வாங்க ஆள் இல்லை.'

மற்றதெல்லாம் விளையாட்டு. இந்த வரி விளையாட்டில்லை. என் மோட்டார் ஓடுவது விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில். விண்ணப்பம் போட்டு, தலை நரைக்கும்வரை காத்திருந்து வாங்கிய சர்வீஸ் அது. அதில் வேறு தொழில் நடத்தினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு நீச்சல் குளம் நடத்துகிறான் என்று உலகத்துக்கே தெரிகிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் விட இன்னும் நாள் இருந்தது. குறுவைக்கு நாற்றுவிட்டு, அந்த மோட்டாரை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். கரண்டைப் பிடுங்கினால் நாற்றங்கால் காயும். நாற்று போனால் குறுவை போகும். இதைச் சொன்னபோது மகள் சிரிப்பை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏம்ப்பா, ஈ.பி. ஆபீஸ்ல உக்காந்து நம்ம தொட்டிக்கு எத்தனை ஸ்டாருன்னா பாத்துக்கிட்டிருப்பாங்க?"

பார்க்க மாட்டார்கள் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அந்த இடம் கிடையாது என்று மகள் புகார் அனுப்பினாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பிறகு, அங்கே போய்வந்ததாகப் பலர் சொல்கிறார்களே என்று இன்னொரு பதில் வந்தது. அப்படியானால் நானே எழுதுகிறேன் என்று மனைவியின் போனை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். 'இது குளிக்கும் இடம் இல்லை. விவசாய மோட்டார். கட்டணம் வாங்குவது இல்லை. நாற்றங்காலை மிதிக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் வராதீர்கள்.' நட்சத்திரம் போடாமல் அனுப்ப முடியாது என்றது. ஒன்று போட்டேன். என் தொட்டிக்கு நானே ஒன்று.

அதுதான் வினையாகிவிட்டது. ஓனரே குறை சொல்லும் ஒரே சுற்றுலாத் தலம் என்று யாரோ அதைப் படம்பிடித்து எங்கெல்லாமோ அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிடைமருதூரிலிருந்து ஒரு வேன் வந்து இறங்கியது. புளிச்சோற்றுத் தூக்கோடு ஒரு குடும்பம். பெரியவர் ஒருவர் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டி, எழுதினது நீங்கதானா தம்பி, ரொம்ப நகைச்சுவையா எழுதுறீங்க என்றார். கட்டணம் வாங்குவதில்லை என்று போட்டதால்தான் தைரியமாக வந்தார்களாம்.

மச்சினன் ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் நான்தான் என்று மேப்பில் பதிவு செய்துவிட்டால், நிரந்தரமாக மூடியாகிவிட்டது என்று நாமே அறிவித்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் சொந்தக்காரர் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு வீடியோ கேட்டார்கள். பட்டா, சிட்டா எடுத்துவருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாமாம். நான் சாவி போட்டு உள்ளே போவது தெரிய வேண்டும், வெளியே அதே பெயரில் பலகை இருக்க வேண்டும். மினி குற்றாலம் இல்லை என்று சொல்வதற்கு, மினி குற்றாலம் என்று நான் பலகை மாட்ட வேண்டும். இதற்கு நான் சம்மதித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. பத்து நிமிஷ வேலை, எடுத்ததும் கழற்றிவிடலாம் மாமா என்றான்.

மன்னார்குடியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் சொல்லிவிட்டு வந்தான். கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஓர் அருவியையும், குதித்துக்கொண்டிருக்கும் இரண்டு மீன்களையும் சேர்த்து அடித்திருந்தார். வேப்பமரத்தில் கட்டினோம். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையைத் திறந்தேன், மூடினேன். வீடியோ போயிற்று. ஐந்து வேலை நாள் ஆகும், தேவைப்பட்டால் மறுபடி கேட்போம் என்று வந்தது. ஆகவே பலகையைக் கழற்றக் கூடாது என்றான் மச்சினன். ரோட்டில் போகிற பஸ்சிலிருந்தும் அது தெரிந்தது.

மூன்றாவது நாள் டிரான்ஸ்பார்மர் பார்க்க லைன்மேன் வந்தார். பலகைக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்க, மீனெல்லாம் குதிக்குது" என்றார்.

"காசு வாங்கலைங்க. சத்தியமா ஒரு பைசா வாங்கலை."

"நான் எங்க கேட்டேன்?"

கேட்காததையெல்லாம் சொன்னேன். நட்சத்திரம், வைக்கோல்போர், புளிச்சோறு, வீடியோ, ஒன்றும் விடவில்லை. போனை வாங்கி அவரும் நிதானமாகப் படித்தார். எருமையைப் பற்றிய வரியில் சிரித்தார். கரண்ட் இல்லை என்ற வரி வந்ததும் முகம் மாறிவிட்டது.

"மேனேஜ்மென்ட் சரியில்லையாம். இந்த ஏரியாவுக்குக் கரண்ட் மேனேஜ்மென்ட் நான்தானேங்க. அன்னிக்கு லைன்ல மட்டை விழுந்து வெயில்ல போஸ்ட்ல தொங்கிக்கிட்டிருந்தேன். ஸ்டார் கொடுக்கறாராமே ஸ்டாரு."

யார் எழுதியது என்று பெயரை இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மேப்பில் என்ன இருந்தாலும் அதை வைத்து யாரும் சர்வீஸைத் தொட மாட்டார்கள், ஆனால் நாளைக்கு அதிகாரி இந்தப் பக்கம் வருகிறார், மரத்தில் பலகை இருந்தால் அவர் எழுதித்தான் ஆக வேண்டும், அதற்குப் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் நான் மரத்தில் ஏறியிருந்தேன்.

மறுநாள் அதிகாரி வந்தார், டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார், மோர் வாங்கிக் குடித்தார், போய்விட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வேலை நாள் கழித்து என்னைச் சொந்தக்காரராக ஏற்றுக்கொண்டார்கள். மச்சினன் உடனே மூடிவிட்டான். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பில் வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நாற்று பறித்து நடவும் முடித்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழே ஆளாளுக்கு இரங்கல் எழுதிவிட்டார்கள். 'நல்ல மனிதர், கத்தினாலும் மனசு தங்கம்' என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு திருப்பனந்தாளிலிருந்து என் தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். உரக்கடைக்காரர் வேறு, நிலத்தை விற்றுவிட்டீர்களா, கணக்கை எப்போது முடிக்கிறீர்கள் என்கிறார். எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்வது?

ஃபிளெக்ஸ் கடைக்காரரும் விடாமல் கூப்பிடுகிறார். ஆர்டர் கொடுத்தது மச்சினன், அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஓனர் நீங்கதான்னு மேப்பே ஒத்துக்கிச்சே மாமா என்கிறான் அவன். பலகை மொத்தம் எழுநூற்றைம்பது. முன்பணம் முந்நூறு என் மனைவி கொடுத்தது. மீன் நான் கேட்கவில்லை, அதற்காவது குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஐம்பது குறைத்தார். பாக்கி நானூறு ரூபாய்.