பொய்ப்பெயரில் ஒரு பங்கு

பலெர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டு மேல்மாடியில் ஒரு வேல்ஸ் நாட்டுக் கிழவர் வாடகைக்கு இருந்தார். சனிக்கிழமைகளில் அவருடைய ஊர்க் கால்பந்து கிளப் விளையாடும்போது, அவர் வீட்டைத் துடைத்து முடித்தாலும் என்னைப் போகவிடமாட்டார். சமையலறைக் கதிரையில் இருக்கச் சொல்வார். எதற்கென்று புரியாமல் பயந்தேன்.

ஒருநாள் என் முழுப்பெயரை எழுதித் தரச் சொன்னார். இத்தாலியில் தங்குவதற்கான என் அனுமதி அட்டை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது.

“ஆள் குவெஸ்தூரா பொலிசுக்கு எழுதிப்போடப் போறார் போலை. உண்மைப் பேரைச் சொல்லாதையும்” என்றார் என் கணவர்.

போர்க்காலத்தில் எங்கள் ஊரில் ஆமிக்காரர் பெயர் பதிய வந்தாலே நடுங்கிப் பழகியவர்கள் நாங்கள். ‘செல்வராணி கந்தையா’ என்று வாயில் வந்ததை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கிளப்பின் சின்னம் போட்ட பத்திரம் ஒன்றை நீட்டினார்.

“கிளப்பை மூட இருந்தார்கள். ரசிகர்கள் நாங்களே பங்கு வாங்கிக் காப்பாற்றினோம். நீங்கள் அந்தக் கதிரையில் இருந்த நாளெல்லாம் நாங்கள் தோற்கவில்லை, சிஞ்ஞோரா. உங்கள் பேரிலும் ஒரு பங்கு வாங்கினேன். இனி நீங்களும் கிளப்புக்குச் சொந்தக்காரி.”

பத்திரத்தில் செல்வராணி கந்தையா என்று அச்சடித்திருந்தது. உண்மையைச் சொல்லாமலே நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கிழவர் ஊர் திரும்பிவிட்டார். சனிக்கிழமைகளில் மேல்மாடியைத் துடைத்துவிட்டு அதே கதிரையில் இருந்து ஃபோனில் முடிவைப் பார்க்கிறேன். கிளப் தோற்றால், என் பொய்தான் காரணமோ என்று சந்தேகமாக இருக்கிறது.