பதினாறு இஞ்சு டிரங்குப் பெட்டி

செத்த பிறகு தங்கையாவைத் தங்கமான மனுசர் என்கிறது எங்கள் லயத்து வீடுகளில் இருக்கிற சனம். சொல்லிவிட்டுப் போகட்டும். அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

என் புருஷன் தங்கையா, மலாயாவில் ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வயர்மேன். ஓடைத் தண்ணீரில் சுற்றும் டைனமோ, மோட்டார், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. வாயைத் திறந்தால் சண்டை. சோறு குழைந்தால் சண்டை, கூரை ஒழுகினால் சண்டை. எவனாவது ஸ்க்ரூவைக் கோணலாக முறுக்கிவிட்டால் அவனுடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து வைத்துத் திட்டுவார்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போனார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கந்தசாமி ஓடவில்லை. நேற்றுவரை துரைக்குப் பிடித்த குடையை இன்று ஜப்பான்காரனுக்குப் பிடித்தான், அவ்வளவுதான். கொழுந்து உருட்டும் மிஷினுக்கு வேறு தோட்டத்திலிருந்து பெரிய மோட்டார் ஒன்று வந்து இறங்கியது. அதற்குக் கட்டைவிரல் பருமன் வயர். அந்த வயர்களை இரண்டு அங்குல இரும்புக் குழாயில் இழுத்து, நடுவே ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து, மறுபக்கக் குழாயில் விட வேண்டும். கந்தசாமி ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்ததோ ஒரு சாண் பெட்டி.

என் புருஷன் அதை அவன் மேசைமேல் போட்டு உடைக்காத குறைதான்.

"கிராணியாரே, இது வெத்தலைப் பொட்டியா? குழா ரெண்டு இஞ்சு. பொட்டி எட்டு மடங்கு நீளம் வேணும், பதினாறு இஞ்சு! இதுக்குள்ள இந்த வயரை மடக்கினா ரப்பர் தோலு கிழிஞ்சிரும், பொட்டியில கரண்டு ஏறிரும். பொம்பளைங்க அங்க ஈரத்துல வெறுங்காலோட நிக்கிறாங்கய்யா!"

"வேற பொட்டி எங்கடா இருக்கு? வாயை மூடிக்கிட்டு மாட்டுலா. இல்லாட்டி சயாமுக்கு லோரி ஏறு."

சயாம் என்றால் ரயில் பாதை போடும் காடு. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் அதுவரை ஒருவர்கூடத் திரும்பவில்லை. இவர் மாட்ட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். கந்தசாமி வேறு ஆட்களை வைத்து வயர்களை உள்ளே திணித்து, மூடியைச் சுத்தியலால் அடித்துச் சாத்தினான்.

மறுநாள் ஃபேக்டரியில் என் பக்கத்தில் கொழுந்து அள்ளிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் முழங்கை அந்தப் பெட்டியில் உரசியது. அவளைத் தூக்கி எறிந்துவிட்டது. உயிர் இருந்தது, கை கருகிப்போனது. "பாத்து நிக்கத் தெரியாதா?" என்று கேட்டான் கந்தசாமி. படுபாவி! கீழே கிடந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அன்று சாயங்காலம் இவர் லயத்துக்கு வந்தார். என் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினார். அது என் அப்பா நாகப்பட்டினத்தில் வாங்கி, என்னோடு கப்பலேற்றிய இரும்புப் பெட்டி. பச்சைப் பெயிண்டின்மேல் வெள்ளையில் 'மணியம்மா' என்று எழுதியிருக்கும். துணிப் பஞ்சத்தில் பெண்கள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போன அந்தக் காலத்தில், என் கூறைப்புடவை அதற்குள்தான் பத்திரமாக இருந்தது.

"பொறந்த வீட்டுச் சாமான்யா அது! ஊருக்கெல்லாம் பொட்டி செய்ய என் பொட்டிதான் கெடைச்சுதா? வைய்யி கீழே!"

"பதினாறுக்கு மேலயே இருக்கு. வயரு தாராளமா வளையும்," என்றார். "நாளைக்கும் நீதானடி அங்க நிக்கணும்?"

நான் விடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கிப் போகும்வரை திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

பெட்டியின் இரு பக்கமும் ஓட்டை போட்டு, விளிம்பு வயரைக் கிழிக்காதபடி அரத்தால் வழித்தார். கிழிந்த வயரை எடுத்துவிட்டு வேறு வயர் இழுத்து, நெளிவாகப் படுக்கவைத்து, எர்த் வயரையும் கட்டினார். மோட்டார் ஓடியது. ஈரக் கையோடு தொட்டாலும் ஒன்றும் செய்யவில்லை. ஃபேக்டரிச் சுவரில் என் பெயர் தொங்கியது.

தன் பெட்டியைப் பிடுங்கி எறிந்ததைக் கந்தசாமியால் பொறுக்க முடியவில்லை. அடுத்த லோரிக்கு என் புருஷன் பெயரைக் கொடுத்தான். லோரியில் ஏறும்போதாவது அந்த மனுசர் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா? "பொட்டிக்குள்ள துணிகிணி வச்சிறாதடி, வெளங்குதா?" என்று அதட்டிவிட்டுப் போனார். போனவர்தான். சயாமில் காய்ச்சலில் செத்தார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

ஜப்பான்காரன் தோற்று, துரை திரும்பி வந்தார். புது வயர்மேன் ராமசாமி பளபளவென்று ஒரு பெட்டியோடு வந்து நின்றான்.

"அக்கா, தள்ளிக்கோங்க. ஒங்க டிரங்கைக் கழட்டிக் குடுத்துர்றேன். வீட்டுக்குக் கொண்டு போங்க."

அவன் கையிலிருந்ததைப் பார்த்தேன். ஒன்றரைச் சாண்கூட இருக்காது. எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. டிரங்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

"குழா ரெண்டு இஞ்சுடா. ஒன் பொட்டி எட்டு மடங்கு இருக்கா? மொதல்ல அளந்து காட்டு. அப்புறம் என் புருசன் பொட்டியில கைய வைய்யி!"