விளக்கு மாடத்துப் பெட்டி

அருப்புக்கோட்டை பஜாரில் என் பலசரக்குக் கடையை ஒட்டி இருக்கிற கம்ப்யூட்டர் கடை பூட்டியே கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள், எப்போது திறப்பார்கள் என்று. தெரியாது என்று சுள்ளென்று விழுகிறேன். கடைக்காரன் பாண்டீஸ்வரன் வேறெங்கும் போய்விடவில்லை. என் கடைக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை வைத்துக்கொண்டேதான் அவனைப் பற்றிக் கேட்கிறார்கள். அடையாளம் தெரியவில்லை. தாடியும் மீசையுமாய் ஆள் அப்படிக் கெட்டுப்போய்விட்டான்.

நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் ஆட்டை ஓட்டிக்கொண்டு அலை என்கிற பூமி. டிப்ளமோ படித்துவிட்டு டவுனுக்கு வந்து, உதிரி பாகம் வாங்கிக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் தொழில் பிடித்தான். கட்டிக்கொண்டது மாமன் மகள் ரேணுகாதேவியை. மாமனார் எப்போதோ இங்கே வந்து பவர்லூம் தறி இரண்டு போட்டிருந்தார். அவர் போனபிறகு தறியை ஓட்டியது ரேணுகாதான்.

அவளுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவள் மெதுவாகப் பேச எங்கே கற்றுக்கொள்வது? என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நீங்க போட்டது பருப்புல கல்லா, கல்லுல பருப்பா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிற்கிற ஜனமெல்லாம் சிரிக்கும்.

அந்த வாய்க்குத்தான் கண் பட்டது. போன வருஷம் பங்குனியில், ஓடுகிற தறிக்கு முன்னாலேயே சரிந்து விழுந்தாள். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் உயிரை மட்டும் மீட்டுக் கொடுத்தார்கள். மூளையில் ரத்த அடைப்பு; காது கேட்கும், எல்லாம் விளங்கும், யோசனை எல்லாம் பழையபடியே இருக்கும்; வாயும் கை கால்களும் மட்டும் வராது என்றார் டாக்டர். மிஞ்சியது கண்ணும், வலது கைக் கட்டைவிரலும். அந்தப் பொம்பளையை இப்படியா வைப்பது? சாமி என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்குக் கடையில் நின்று சத்தம் போட்டேன். என் வீட்டுக்காரிதான் வாயைப் பொத்தினாள்.

பாண்டியின் அக்கா கனகலட்சுமி நரிக்குடியிலிருந்து வந்து சேர்ந்தாள். தறியையும் பார்த்துக்கொண்டாள், ரேணுகாவையும் பார்த்துக்கொண்டாள். வாசலில் இருந்த காலிங்பெல் பொத்தானைக் கழற்றி, நீள வயர் கொடுத்து, ரேணுகாவின் கட்டைவிரலுக்குக் கீழே வைத்துக் கட்டினான் பாண்டி. அழுத்தினால் தறிக்குப் பக்கத்தில் மணி அடிக்கும். அக்கா தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து குனிந்து, அவள் கண்ணையே பார்த்துக் கேட்பாள். "தண்ணியாம்மா? வலிக்குதா? பெரண்டு படுக்கணுமா?" சரியான கேள்வி வரும்போது ரேணுகா கண்ணை மூடித் திறப்பாள். சரியான கேள்வியே வராத நாட்களும் உண்டு. அப்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். அதைப் பார்த்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்து அழுவான் இவன்.

ஒருநாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தான். "அண்ணாச்சி, அவளுக்கு வாய் செஞ்சு குடுக்கப் போறேன்" என்றான்.

விஷயம் இதுதான். திரையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டு போகும். வேண்டிய எழுத்து வரும்போது பொத்தானை அழுத்தினால் அது விழும். எழுத்து சேர்ந்து சொல்லாகி முடிந்ததும் கம்ப்யூட்டரே படித்துச் சொல்லும். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். அந்த வீட்டில் பெட்டி வைக்க ஏது இடம்? தறிக்கும் சுவருக்கும் நடுவில்தான் கட்டில். ஆள் போவதென்றால் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். மேஜை போட்டால் தறி ஓடுகிற அதிர்வில் எல்லாம் கீழே விழும். கட்டில் தலைமாட்டுச் சுவரில் பழைய விளக்கு மாடம் ஒன்று இருந்தது. அதற்குள் அடங்குகிற மாதிரி கட்டுகிறேன் என்றான்.

"ஏலே, பேசாம ஒரு லேப்டாப்ப வாங்கி வச்சிட்டுப் போவியா!" என்றேன்.

"தறிப் பஞ்சு உள்ள போயி ரெண்டே மாசத்துல மூச்சடைச்சுப் போகும் அண்ணாச்சி. நாமளே கட்டுனாத்தான் பஞ்சு போகாம மறைக்க முடியும்."

என் கடைத் தேயிலை டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் அந்தக் கூடு. அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர். பெரிய பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவன், இதோடு மல்லுக்கட்டினான். உள்ளங்கையளவு போர்டை உள்ளே இறக்கினால் வயருக்கு இடம் இல்லை. வயரை மடித்து ஓரத்தில் திணித்தால் விசிறி இடிக்கிறது. எல்லாவற்றையும் அடக்கி வைத்தால் மூடி ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. சன்னமான விசிறியாகத் தேடி வரவழைத்தான். மாடத்துச் சுவர் மூன்று பக்கமும் அடைக்கும் என்று மூடியிலும் முகப்பிலும் துளை போட்டு, பஞ்சு போகாமல் கொசுவலைத் துணியை உள்ளே ஒட்டினான். தகரம் கிழித்துக் கையெல்லாம் ரத்தக் கீறல். பிரிப்பான், சேர்ப்பான், என்னிடம் கொண்டுவந்து காட்டுவான், மறுபடி பிரிப்பான். "போதும்டா, கொல்லாதே" என்று விரட்டியிருக்கிறேன்.

ஆவணி பிறந்ததும் மூடி மூடிக்கொண்டது. மாடத்தில் பெட்டி, எதிர்ச் சுவரில் திரை. காலிங்பெல்லுக்குப் போன வயரை அறுத்துப் பெட்டியோடு சேர்த்தான். இனி எதற்கு மணி என்று அதைக் கழற்றி எறிந்தான்.

நான் போய் நின்றேன். ரேணுகா என்னைப் பார்த்தாள். கட்டைவிரல் அழுத்தியது, நின்றது, அழுத்தியது. எனக்கோ கடையைப் போட்டுவிட்டு வந்த அவசரம். கடைசியில் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல் சொல்லிற்று: "அண்ணாச்சி பருப்புல இன்னும் கல்லு இருக்கா?"

அடிப் பாவி மகளே! சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தறிக்குப் பின்னால் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுதான். அக்காவை வைவாள், புருஷனைக் குளிக்கச் சொல்வாள், வலிக்கிற இடத்தைச் சொல்வாள். குனிந்து கண்ணைப் பார்த்துக் கேட்கிற வேலை யாருக்கும் இல்லாமல் போயிற்று. பெட்டிதான் சொல்லுமே.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோறு போடுகிற ஆயுதத்தை எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைப்பது. வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுக்கிறவரை தொடக்கூடாது. அதற்கும் ஒருநாள் ஓய்வு. தறி, தராசு, லாரி எல்லாம் நிற்கும். ஊரே ஓய்ந்து கிடக்கும்.

பூஜைக்குப் பொரி கடலை கொடுத்துவிட்டு வரப் போனேன். தறிக்கு நின்ற இடத்திலேயே பொட்டு வைத்திருந்தாள் அக்கா. அதை யார் தூக்குவது? சாமி படத்துக்கு முன்னால் மணைப் பலகை. அதில் அவள் கத்திரிக்கோல், பாண்டியின் ஸ்குரூ டிரைவர், அதற்கு நடுவில், சந்தனம் பூசிக் கதம்பம் சுற்றி, அந்தப் பெட்டி. அவனேதான் வயரைப் பிடுங்கி, மாடத்திலிருந்து எடுத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்திருக்கிறான். பெரிய பெட்டியாக இருந்திருந்தால் தறியைப் போல அங்கேயே ஒரு பொட்டோடு விட்டிருப்பான். கைக்கு அடக்கமாகக் கட்டித் தொலைத்தானே!

"அவ வாயி அண்ணாச்சி இது. இதுக்குத்தான் மொதப் பூஜ" என்றான். அவ்வளவு பெருமை அவனுக்கு.

சூடம் காட்டினார்கள். தறி ஓடாத வீடு அமைதியாக இருந்தது. கட்டிலில் ரேணுகாவின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. வயரின் மறுமுனை சுவரில் சும்மா தொங்கியது. விடாமல் அழுத்தினாள். டக், டக், டக்.

"பாரு தம்பி, அவளும் சாமி கும்பிடுறா" என்றாள் அக்கா.

பாண்டி அவள் நெற்றியில் திருநீறு பூசினான். "இன்னிக்கு ஒன் வாய்க்கும் லீவு புள்ள. எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசலாம்" என்று சிரித்தான். நாங்கள் எல்லோருமே சிரித்தோம். கடைப் பூஜைக்கு நேரமாகிறது என்று நானும் பாண்டியும் கிளம்பி வந்துவிட்டோம்.

பொழுது சாய அக்காவின் அலறல் போனில் வந்தது. ரேணுகா தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருக்கிறாள் அக்கா. விளக்கேற்றிவிட்டுப் போய்த் தொட்டால் உடம்பு சில்லிட்டிருந்தது. காலையிலிருந்தே நெஞ்சு அடைத்திருக்கும் என்றார் வந்து பார்த்த டாக்டர். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கக்கூடாதா அந்த மனுஷன்?

கனகலட்சுமி, நான்தான் கொன்றேன் என்று தலையில் அடித்துக்கொண்டே நரிக்குடிக்குப் போய்விட்டாள். தறி நிற்கிறது. பெட்டியை என் கடைப் பரணில் போட்டிருக்கிறான். சந்தனம் காய்ந்து வெடித்தும் அதைத் துடைக்க விடமாட்டேன் என்கிறான்.

என்னிடம் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுப் பேசினான். "பெட்டியக் கழட்டுறதுக்கு முன்ன கடைசியா என்ன சொன்னா தெரியுமா அண்ணாச்சி? சுண்டலுக்கு உப்புப் பாத்துப் போடச் சொன்னா. அதுக்குப் பெறகு அவ சொன்னது எதுவும் எங்கயும் போய்ச் சேரல. நான் குனிஞ்சு கண்ணப் பாத்து, வலிக்குதான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாக்கூட மூடித் தொறந்திருப்பா."

இல்லை அப்பா, உன் மேல் தப்பில்லை என்று என் வாய் வரைக்கும் வருகிறது. வெளியே வரமாட்டேன் என்கிறது.

அதனால்தான் கேட்கிறவர்கள் மேல் எரிந்து விழுகிறேன். பதில் கிடைக்காதவர்கள் சும்மா போவதில்லை. "சரி அண்ணாச்சி, அப்ப நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்டதும் இவன் கை சட்டைப் பைக்குள் போகிறது. உள்ளே அந்தக் காலிங்பெல் பொத்தான் கிடக்கிறது. டக், டக் என்று அழுத்திக்கொண்டே இருக்கிறான்.