பிறக்காத தலைக்கு ஒரு குல்லா

ஐம்பத்தாறு வயதில், வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவன், கம்பளி நூலில் ஒரு குல்லா பின்னிக் காட்டினால் தன் மகள் தலைப்பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நம்பினான். அவனைப் பற்றி என்ன நினைக்கத் தோன்றுகிறதோ, தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அவன் நான்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் தாய் இல்லாத தாய்வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. என் மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் என் அப்பா கட்டிய வீட்டில் நானும், என்னை மதிக்காத ஒரு பூனையும் இருக்கிறோம். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று நான் செய்த முதல் காரியம், அவளுடைய பழைய அறையைத் திறந்து ஒட்டடை அடித்தது. அடித்து முடிப்பதற்குள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். இப்படி ஆரம்பிக்கும் பேச்சு எதையும் சரியாக எடுத்துக்கொள்ளும் வழி எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "பொம்பளை இல்லாத வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படிண்ணா அனுப்பறது? இங்கயே இருந்துட்டுப் போவட்டுமே."

மகளைக் கேட்டேன். "பார்க்கலாம்பா" என்றாள். அவள் அம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். தெரிந்திருந்தும் அந்த ஒரு தடவை மட்டும் அகராதி சொல்லும் பொருளில் எடுத்துக்கொண்டேன்.

நான் ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் குறை சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது. குறை நீங்கிவிட்டது என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். கோளாறு வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. போல்ட் ஏன் உடைந்தது, ஏன் அளவுக்கு மீறி முடுக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், ஐந்தாவது 'ஏன்' மூல காரணத்தில் கொண்டுபோய் நிறுத்தும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை வகுப்பெடுத்தே எனக்கு முடி கொட்டியது.

ஆகவே 'பொம்பளை இல்லாத வூடு' என்பதை ஒரு புகாராக ஏற்றுக்கொண்டு வேலையில் இறங்கினேன். அறைக்குப் பெயிண்ட் அடித்தேன். ஏசி மாட்டினேன். சமையலுக்கு ஓர் அம்மாவையும், பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட இன்னோர் அம்மாவையும் சொல்லி வைத்தேன். எல்லாம் ஆன பிறகும் மனசு ஆறவில்லை. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் ஆள் வைத்துச் செய்யக்கூடியது. அன்போடு உட்கார்ந்து கையால் செய்த பொருள் என்று இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில், கணக்குப் பிரிவு அம்மா குரோஷா ஊசியால் மேசை விரிப்பு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர். கான்வென்டில் சிஸ்டர்களிடம் கற்றதாம். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றேன். ஆடிட்டில் மாட்டிய வவுச்சரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து இன்னொரு ஊசியை எடுத்துக் கொடுத்தார்.

குரோஷா ஊசி என்பது நுனியில் கொக்கி வைத்த ஒரு குச்சி, அவ்வளவுதான். நூலில் ஒரு சுருக்குப் போட வேண்டும். அதன் வழியே நூலை இழுத்தால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்தின் வழியே இன்னொரு வளையம். அதற்குச் சங்கிலி என்று பெயர். கேட்கும்போது குழந்தைகூடச் செய்யும் என்று தோன்றும். குழந்தை செய்யும்தான். என் சங்கிலி பூட்டின சங்கிலியாக இருந்தது. இரண்டாவது வரிசை போட ஊசியை நுழைக்க வேண்டிய ஓட்டையில் ஒரு குண்டூசிகூட நுழையாது.

"நட்டா முடுக்கறீங்க சார்?" என்றார் அந்த அம்மா. "தளர வுடுங்க. நூலு எங்கயும் ஓடிடாது."

கை தளர்ந்தால் எல்லாம் கழன்று விழுந்துவிடும் என்று முப்பது வருடமாகச் சம்பளம் வாங்கியவன் நான். தளர விட்டேன். கொசுவலை வந்தது. அதுவும் பெரிய கொசுக்களை மட்டும் தடுக்கக்கூடியது.

பின் வரிசையில் உட்காரும் தூத்துக்குடிப் பையன்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள், ஊர் ஞாபகம் வர வேறென்ன வேண்டும்? எங்கள் ஊரில் வலை பின்னுகிறவர்கள் இதைவிட வேகமாகப் பின்னுவார்கள் என்றான் ஒருவன். "சார், மீனு எப்பம் மாட்டும்?" என்பது தினப்படி விசாரிப்பு ஆனது. வல்லக்கோட்டை முருகன் கோயில் வளைவு வரும்போது பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் ஊசியோடு கையைத் தூக்கி, ஒருநாள் கண்ணைக் குத்திக்கொள்ள இருந்தேன்.

சதுரம் ஒன்று போட்டுப் பழகச் சொன்னார். எனக்கு முக்கோணம் வந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் முக்கோணம். கணக்குப் பிரிவு அம்மா சிரிப்பதை நிறுத்தும்வரை பொறுத்திருந்துவிட்டு, முறைப்படி ஐந்து 'ஏன்' கேட்டுப் பார்த்தேன். வரிசைக்கு வரிசை கடைசியில் இருக்கும் தையலை விட்டுவிடுகிறேன் என்று தெரியவந்தது. நடுவில் இருப்பதெல்லாம் கண்ணில் படுகிறது, ஓரத்தில் இருப்பது படவில்லை. அன்று பெரிய கண்டுபிடிப்பு செய்ததாக நினைத்துக்கொண்டு, பஸ்ஸை விட்டு மிடுக்காக இறங்கினேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டைப் பார்க்க வந்தாள். படப்பையில் அவர்கள் பிளாட்டிலிருந்து மருமகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பின்னல் சமாச்சாரம் அவளுக்குத் தெரியக் கூடாது என்று, அரைகுறைக் குல்லாவைச் சோபா மெத்தைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் பூனையை உட்கார வைத்தேன். பெயிண்ட்டைக் காட்டினேன். ஏசியைப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நடுவே கொல்லைப்பக்கம் போய்வந்தாள். வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கினாள். நான் மோர் கொடுத்தேன்.

"முன்னாடியெல்லாம் மாத்திட்டீங்க. பின்னாடி ஒண்ணும் பண்ணலையாப்பா?" என்றாள்.

"ஏன் பண்ணலை? முருங்கை மரத்தையே வெட்டிட்டேனே," என்றேன். சின்ன வயதில் அவளுக்குக் கம்பளிப்பூச்சி என்றால் பயம். அதை நான் மறக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மோரைக் குடித்தாள்.

குல்லாவை உச்சியில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று. ஒவ்வொரு சுற்றிலும் அளவாகத் தையல்களைக் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக விரியும். குறைவாகக் கூட்டினால் கிண்ணம். அதிகமாகக் கூட்டினால் பொரித்த அப்பளம். இரண்டையும் செய்தேன். மூன்றாவது முறை தட்டையாக வந்தது. அளவு பார்க்கத் தலை வேண்டுமே. காய்கறிக் கடையில் தேங்காய்களைத் தடவித் தடவிப் பார்த்து, சிசுவின் தலைக்கு ஒத்ததாக ஒன்றை வாங்கினேன். தேங்காய்க்கு மஞ்சள் குல்லா மாட்டி, மூன்று கண்ணும் தெரியாமல் இறக்கிவிட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டேன். நூல் நுனி அவிழக் கூடாது என்று, கம்பெனியில் போல்ட் கழலாமலிருக்க மரையில் விடும் பசையில் ஒரு சொட்டும் விட்டேன். தேங்காய் மறுநாள் சட்னியானது.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது முறை. வாடகைக் கார் எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனேன். திரும்பும்போது ஒருவர் கூட வருவார், மெதுவாக ஓட்ட வேண்டும் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கலந்த சாதம் கேட்டரிங்காரர் உபயம். தட்டுகளில் வளையல், பூ, பழம், பட்சணம். எல்லாவற்றுக்கும் நடுவில், கண்ணில் படும்படி, குல்லா.

கூடம் நிறையப் பெண்கள். நான் தட்டை வைத்துவிட்டு, நானே பின்னினேன் என்று சொல்லும் தருணத்துக்காகக் காத்திருந்தேன். அந்தத் தருணம் வரவில்லை. பேச்சுச் சத்தம் அந்தத் தட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு ஆளாக அடங்கியது.

"இன்னாது, குல்லாவா?" என்றார் மருமகனின் அத்தை. "பொறக்கறதுக்கு முன்னாடியேவா?"

பிள்ளை பிறக்கும் முன் பிள்ளைக்கென்று ஒரு நூல்கூடத் தயார் செய்யக் கூடாது. தொட்டில் கூடாது, துணி கூடாது. பிறந்த பிறகும் முதலில் சுற்றுவது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான். நம் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வாள். எங்கோ தீவுகளில் வாழும் மனிதர்களின் பிரசவச் சடங்குகளைப் பற்றிக் கெட்டி அட்டைப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்தவன் நான். இதை மறந்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மகள் வயிற்றிலிருந்தபோது தொட்டில் வாங்கலாமா என்று மனைவியைக் கேட்டதும், "சும்மா இருங்க" என்று அவள் அதட்டியதும் அந்தக் கூடத்தில் நின்றபோது ஞாபகம் வந்தது. அப்போது சும்மா இருந்தேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா முந்தானையால் தட்டை மூடி உள்ளே எடுத்துப்போனார். யாரோ கற்பூரம் கொண்டுவந்து மகளுக்குச் சுற்றிப்போட்டார்கள். மகள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

பந்தி முடிந்த பிறகு சம்பந்தியம்மா குல்லாவைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "இதுக்குத்தாண்ணா அன்னிக்கே சொன்னேன். அண்ணி இருந்திருந்தா இதை எடுத்துக்கினு வர வுட்டிருப்பாங்களா?"

நான் கொண்டுபோன அத்தாட்சி ஏற்கப்பட்டது, எதிர்த்தரப்புக்குச் சாதகமாக. மகள் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அவளும் "ஆமாம்பா, இருக்கேன்" என்றாள். கீழே டிரைவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார். "இன்னொருத்தர் வராங்கன்னு சொன்னீங்களே சார்?" மெதுவாகப் போகச் சொன்னதை மட்டும் அவர் மறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வரை, லாரிகளெல்லாம் திட்டிக்கொண்டே தாண்டிப் போக, காலியான பின் இருக்கையைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கணக்குப் பிரிவு அம்மாவிடம் சொன்னேன். ஊசி கையிலேயே நின்றது. "பொறந்தப்புறம் குடுப்பீங்கன்னுல்ல நினைச்சேன்? எங்க வீட்லயே பார்ப்போமே சார் அதெல்லாம்." பின் வரிசை அன்று மீனைப் பற்றி விசாரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கேலி செய்திருக்கலாம்.

வீட்டில் குல்லாவைப் பிரித்துப்போட உட்கார்ந்தேன். பின்னல் வேலையில் உள்ள ஒரே நல்ல விஷயம், நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் வந்துவிடும் என்பார்கள். வரவில்லை. பசை நல்ல பசை, நானே தேர்வு செய்து கம்பெனிக்கு வாங்க வைத்தது. குல்லாவை அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளினேன். பெயிண்ட் அடித்த அறையில் பூனை குடியேறியது. ஏசி போட்டால்தான் தூங்குகிறது.

அடுத்த மாதங்களில் அந்த ஐந்து 'ஏன்'களை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. மகள் ஏன் வரவில்லை? சகுனம் பிசகியது. ஏன் பிசகியது? குல்லா வளைகாப்புத் தட்டில் போனது. குல்லா ஏன் போனது? எந்தப் பக்கமாகப் போனாலும் நான் வந்து நின்றேன். வழிமுறையில் குற்றம் சொல்ல முடியாது.

பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். பெயர் வைக்கும் நாளன்று மடியில் வாங்கிக்கொண்டேன். சம்பந்தியம்மாவின் பழைய நூல்புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள், பூப்போல இருந்தது. தலை, நான் வாங்கிய தேங்காயைவிட நன்றாகவே சின்னது. அறையில் வேறு பெரியவர்கள் இல்லை, நானும் மகளும்தான். மாதக்கணக்காக உள்ளே கிடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தக் குல்லாவை மட்டும் நான் எடுத்து வராமல் இருந்திருந்தால் நீ நம் வீட்டுக்கு வந்திருப்பாய், எல்லாம் என்னால்தான் என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். ஏப்பம் வரும்வரை பொறுத்திருந்தாள்.

"குல்லா எல்லாம் ஒரு காரணமாப்பா? நம்ம வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இல்ல. அந்த வயித்தை வெச்சிக்கிட்டு நான் எப்படிக் குந்துவேன்?"