வாப்பாவின் ஊர் தோற்ற நாள்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் வீடு மாறுவது மாப்பிள்ளைதான். பெண்ணுக்கு அவளுடைய பெற்றோர் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேருவார். அப்படித்தான் மருதமுனையில் பிறந்த என் வாப்பா, சாய்ந்தமருதில் உம்மாவுக்குக் கிடைத்த வீட்டுக்கு வந்தார். நான் பிறந்ததும் அந்த வீட்டில்தான். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கல்முனை. சைக்கிளில் போனால் வியர்வையில் சட்டை நனைவதற்குள் போய்விடலாம். ஆனாலும் எங்கள் தெருவில் ஒருவரும் வாப்பாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மருதமுனையார் என்றே சொல்வார்கள். அதுதான் அவர் பெயர் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்.

வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் சாரமும் சேலையும் விற்கிற சின்னக் கடையொன்று வைத்திருந்தார். அமைதியான மனிதர். எவ்வளவு அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் சிரித்தபடி துணியை மடித்து மறுபடி அடுக்கில் வைப்பார். அவரிடம் இருந்த கோபம் முழுவதும், நாங்கள் பந்தடி என்கிற கால்பந்துக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவருடைய பிறந்த ஊர் அணி தோற்ற நாளில் வீட்டுக்கு வந்ததும் ஒருவரிடமும் பேசாமல் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார். தண்ணீர் விழுகிற சத்தம் நீளுவதைக் கேட்டே உம்மா குசினி அடுப்படியில் இருந்தபடி எத்தனை கோல் வாங்கியிருக்கிறார்கள் என்று மதிப்புச் சொல்லிவிடுவார்.

அந்த வருசம் கல்முனையில் நடந்த சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் மருதமுனையும் சாய்ந்தமருதும் மோத வேண்டியதாகிவிட்டது. அதுவே போதுமான வில்லங்கம். அதற்கு மேல், எங்கள் ஊர் அணியில் கோல் காப்பாளருக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவர் என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு அப்போது கலியாணமாகவில்லை. எங்கள் வீட்டில்தான் பகல் சாப்பாடு. வாப்பாவுக்கு அவர்மேல் உயிர். அந்தக் காலத்தில் வெறுங்காலோடுதான் விளையாடுவார்கள். கணுக்காலில் சுற்றுகிற பட்டியைக்கூட வாப்பாதான் கடைத்துணியில் கிழித்துக் கொடுப்பார். போட்டி அறிவித்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். குழம்புச் சட்டியை நகர்த்தச் சொல்வதற்குக்கூட என்னைத்தான் தூது பிடித்தார்கள்.

நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. மாமாவின் பக்கம். அதை வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போட்டியன்று உம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னி, வாப்பாவின் சைக்கிளில் ஏற்றிவிட்டார். பெண்பிள்ளையைப் பந்தடிக்குக் கூட்டிப் போவதா என்று வாப்பா தயங்கினார். எட்டு வயதுப் பிள்ளை போனால் என்ன என்று உம்மா விடவில்லை. மகள் பக்கத்தில் இருந்தால் மனிதர் வாயை அடக்குவார் என்பது உம்மாவின் கணக்கு.

மைதானத்தின் வடக்குப் பக்கம் மருதமுனை ஆட்கள், தெற்குப் பக்கம் எங்கள் ஊர் ஆட்கள். எங்கள் தெருவார் வாப்பாவைக் கண்டு, இங்கால வாங்க மருதமுனையார் என்று கையசைத்தார்கள். வாப்பா அவர்களுக்கும் சிரித்தார், வடக்கே நின்றவர்களுக்கும் சிரித்தார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கோல் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பூவரச மரத்தில் சைக்கிளைச் சாய்த்து என்னைக் கரியரில் இருத்தினார்.

முதல் பாதியில் இரு பக்கமும் கோல் இல்லை. வாப்பா சைக்கிள் மணியின் மூடியைத் திருகத் திருக, அது கழன்று கையோடு வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் எங்கள் ஊர் ஒரு கோல் போட்டது. தெற்குப் பக்கம் எழுந்த இரைச்சலில் மரத்துக் காகமெல்லாம் பறந்தன. சத்தம் வெளியில் வராதபடி நான் என் பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டேன். வாப்பா ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆட்டம் முடிகிற தறுவாயில் அது நடந்தது. மருதமுனைப் பையன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். அவன் வாப்பாவின் அக்கா மகன், எனக்கு மச்சான் முறை. எங்கள் கோல் காப்பாளர் அவனுடைய காலில் விழுந்து பிடிக்கப் பார்த்துத் தவறவிட்டார். கோல் வெறுமையாகக் கிடந்தது. மச்சான் உதைத்த பந்து நேரே அதற்குள் போகிற நேரம், எங்கிருந்தோ வந்த மாமா குறுக்கே பாய்ந்தார். பந்து அவர் உடம்பில் மோதித் திசை மாறிக் கம்பத்துக்கு வெளியே போயிற்று.

வடக்குப் பக்கம் முழுக்க "ஹேண்ட்" என்று அலறியது. ரெஃப்ரி நடு மைதானத்தில் நின்றார். அவர் விசில் ஊதவில்லை.

சைக்கிள் சரிந்தது. நான் குதித்து இறங்கிப் பார்க்கும்போது வாப்பா கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். தொப்பி விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை. ரெஃப்ரியின் முன்னால் போய் நின்றார்.

"கையில பட்டது. அல்லாவுக்காகச் சொல்றன், நான் கண்டன். ரெண்டு கண்ணாலயும் கண்டன்."

அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. ரெஃப்ரி தலையை ஆட்டி ஒதுங்கினார். வாப்பா குறுக்கே போய் மறுபடி நின்றார். தெற்குப் பக்கத்திலிருந்து எங்கள் தெரு இளைஞர் இரண்டு பேர் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. கூட்டத்துக்குள் நின்ற, பலகை விற்கிற மரக்காலைக்காரர் ஒருவர், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"இரிக்கிறது எங்கட ஊருல. தின்னுறது எங்கட சோறு. வாய் மட்டும் அங்க."

வாப்பா திமிறுவதை நிறுத்திவிட்டார். மாமா சற்றுத் தள்ளிக் குனிந்து, அவிழாத கால்பட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. எங்கள் ஊர் ஆட்கள் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கே போனார்கள். நான் தொப்பியைப் பொறுக்கி மண்ணைத் தட்டிக் கொடுத்தேன். வாப்பா என்னை சைக்கிளின் முன் கம்பியில் இருத்தி, பெரிய ரோட்டுக்கு வரும் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். இடப்பக்கம் எங்கள் ஊர்க் கூட்டத்தின் கைதட்டல் தூரத்தில் கேட்டது. வாப்பா சைக்கிளில் ஏறி வலப்பக்கம் திருப்பினார்.

"வாப்பா, எங்கட ஊடு அந்தப் பக்கம்."

"தெரியும்," என்றார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டு மனிதர் ஏதோ சொல்லுக்குக் கோபித்துக்கொண்டு தன் ஊருக்குப் போனவர், போனவர்தான். அவருடைய மனைவி அப்பம் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னோடு குர்ஆன் ஓதப் போகிறவள். நானும் இனி உம்மா இல்லாமல் மருதமுனையில் இருக்க வேண்டுமோ, வாப்பா என்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாரோ என்றெல்லாம் யோசித்தபடி ஹேண்டிலை இறுகப் பிடித்திருந்தேன். பாண்டிருப்பில் கோயிலுக்கு முன்னால் நின்ற ஒருவர் முடிவு என்ன என்று கேட்டார். வாப்பா மிதியை அழுத்தினார்.

அவர் பிறந்த வீடு அப்போது மாமிக்கு, அவருடைய அக்காவுக்கு, உரியதாகியிருந்தது. வீட்டைச் சுற்றிய வளவுக்குள் பத்துப் பதினைந்து ஆண்கள் மரண வீட்டில் போல இருந்தார்கள். தோற்ற அணியில் பாதிப்பேர் அங்கேதான். நடுவில் மச்சான் ஒரு கால் வீங்கி, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் பாதத்தை வைத்தபடி இருந்தான். வாப்பா சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகத் தொடங்கினார்: கையில்தான் பட்டது, தான் பக்கத்தில் நின்று கண்டது, ரெஃப்ரியிடம் போய்ச் சொன்னது, பை கிழிந்தது. கிழிந்த பையைத் தூக்கிக் காட்டினார். யாராவது எழுந்து வந்து தோளில் கை போடுவார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

மாமியின் கணவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டு வந்தார்.

"உங்கட ஊருதானே மச்சான் வெண்டது. கையால தட்டினதும் உங்கட மச்சினன். மறுகா இஞ்ச வந்து என்னத்துக்கு அழுறீங்க?"

"நானும் இந்த ஊர்தானே," என்றார் வாப்பா.

ஒருவர் இருமினார். மச்சான் சட்டிக்குள் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். மற்றவர்கள் எல்லோரும் சிரட்டையிலும் தகரக் கோப்பையிலும் குடித்துக்கொண்டிருக்க, வாப்பாவுக்கும் எனக்கும் மட்டும் அலுமாரியில் இருந்து எடுத்த பூப்போட்ட கோப்பை, கீழே அதற்குரிய தட்டு, பக்கத்தில் பிஸ்கட். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்களுக்கு மட்டும்தானே அந்த மரியாதை.

"நேரத்தோட போங்க தம்பி," என்றார் மாமி. குரலில் குறையொன்றும் இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "புள்ளையத் தேடுவாங்க. இருட்ட முன்ன ஊட்ட போய்ச் சேரணும்."

வாப்பா கோப்பையைக் கையில் எடுத்து, அதிலிருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடிக்காமலே தட்டில் வைத்தார். நான் என்னுடையதைக் குடித்து, பிஸ்கட்டில் இரண்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

வழியில் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ரோட்டோரப் பள்ளிவாசலில் வாப்பா தொழுதுவிட்டு வரும் வரைக்கும் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து சைக்கிளின் எண்ணெய் விளக்கைக் கொளுத்தினார்.

"வாப்பா, நாம இனி இஞ்சதானா இரிக்கப் போறம்?"

"இல்ல மகள்," என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் மிதித்தார்.

எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது முகத்தில் வெளிச்சம் அடித்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் பெற்றோல்மக்ஸ் விளக்கு எரிந்தது. அதைச் சுற்றிப் பையன்கள், பெரியவர்கள், நடுவில் மாமா கழுத்தில் மாலையோடு. உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வேலி வாசல் கடப்பில் நின்றார். அந்த நேரத்தில் ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் உம்மா அப்படி வெளியில் வந்து நின்று நான் பார்த்ததில்லை. எங்களைக் கண்டதும் கடப்புக் கம்பை இன்னும் இறுகப் பிடித்தார்.

கூட்டத்தின் சத்தம் அடங்கியது. மரக்காலைக்காரரும் அங்கே நின்றார்.

"மருதமுனையாருக்குப் பசிச்சதும் வழி தெரிஞ்சிட்டு," என்றார்.

பையன்கள் சிரித்தார்கள். வாப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். ஹேண்டிலைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் என் விரல்களின் மேல் அழுத்தி எனக்கு நொந்தது. சொல்லப் பயமாக இருந்தது. யாராவது இன்னும் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் சைக்கிளைத் திருப்பியிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு மேல் போவதற்கு ஓர் ஊர் இருக்கவில்லை என்பது வேறு கதை.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சைக்கிளின் முன்னால் நின்றார். மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்தார்.

"மச்சான், என்ட கையிலதான் பட்டது."

எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு நின்றது. அணியின் தலைவர், "என்னடா கதைக்கிறாய் நீ," என்று மாமாவின் தோளைப் பிடித்தார். மாமா தோளை உதறினார்.

"பட்டதப் பட்டது எண்டுதானே சொல்லணும். இவர் பொய் சொல்லல்ல."

நான் கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மனசுக்குள் நான் நின்ற பக்கம் அந்த ஒரு நொடியில் மாறிப்போயிற்று. வாப்பா சொன்னது சரி. மைதானம் முழுக்க நம்பாததை மாமாவே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனி வாப்பா மரக்காலைக்காரரை ஒரு வாங்கு வாங்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அணியின் தலைவர் மாமாவைப் பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை. பையன்கள் மெல்ல மெல்ல மாமாவை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள்.

வாப்பா ஒவ்வொருவராக எல்லோரையும் பார்த்தார். கடைசியில் மாமாவைப் பார்த்தார்.

"இல்ல தம்பி," என்றார். கடையில் துணி மடிக்கும்போது பேசுகிற அதே குரல். "தோள்லதான் பட்டது. பாய்ஞ்ச வேகத்தில உனக்கு வெளங்கல்ல. எனக்கும் தூரத்தில பிழையாத் தெரிஞ்சிட்டு."

மாமா வாயைத் திறந்தார். வாப்பா அவரைப் பேச விடவில்லை.

"பசிக்கிது. வா, சோறு தின்னுவம்."

உம்மா கடப்பைத் திறந்துவிட்டார்.

அன்றிரவு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். பந்தைப் பற்றி அல்ல, மழையைப் பற்றி. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அல்லாவுக்காகச் சொல்றன், நான் கண்டன் என்று அந்தப் பகலில் வாப்பா சொன்னதை நான் கேட்டேன். பட்டவரே பட்டது என்கிறார். பிறகு எப்படித் தோள் என்று கேட்க வாயெடுத்தேன். உம்மா ஒரு பிடி சோற்றை உருட்டி என் வாய்க்குள் வைத்துவிட்டு, என் தலையைத் தடவினார்.

படுத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். வாப்பா பொய் சொல்ல மாட்டார். ஆகவே மிச்சம் இருந்தது ஒரே காரணம்தான்: அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. பாவம், அதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார். அடுத்த நாள் ஓதப் போன இடத்தில் என் கூட்டாளிகளுக்கு இதைக் கவலையோடு சொன்னேன். அவர்கள் வாயிலிருந்து அது தெருவுக்குப் போய், தெருவிலிருந்து கடைக்கும் போயிருக்கிறது. ஒரு நாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு, தனக்குக் கண் தெரியாதென்று சொன்னது நீதானா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"ஓம் மகள்," என்றார். "தூரத்தில இரிக்கிறது எனக்குச் சரியாத் தெரியிறல்ல."

அதற்குப் பிறகு அவரோடு எங்கே போனாலும், ரோட்டைக் கடக்கும்போது அவருடைய கையை நான்தான் இறுகப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்துக் கூட்டிப் போனேன். அவரும் கையைக் கொடுத்துவிட்டு, என் பின்னால் மெதுவாக வந்தார்.